முகம் காட்டச் சொன்ன கனி

பாயில் ஒரு இடம் காலியாக இருந்தது.

விடியற்காலையில் எங்கள் பள்ளியில் யாரும் வாய் திறந்து பேசமாட்டோம். பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மாசி மாதப் பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டிருந்தது. ட்யூப் லைட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். பிள்ளைகளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றால் நமக்கும் கண் சொக்கும்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, வழக்கம்போல வரிசையைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஓரத்துச் சின்னப் பாயில் போர்வை மட்டும், உள்ளே ஆள் இருப்பதுபோலவே குவிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் ஆறவில்லை.

கனிஷ்காவைக் காணோம்.

வாசலுக்கு ஓடினேன். கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ரோடும் இல்லை, மரமும் இல்லை. எல்லாம் பனி.

இருட்டில் திறக்கும் பள்ளி

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "மழலையர் பள்ளியை எந்த ஊரிலம்மா விடிவதற்கு முன்னால் திறக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கனியைத் தேடி ஓடும் இடத்தில் நிறுத்தி இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

மரக்காணத்தைச் சுற்றி உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் இருட்டோடு உப்புப் பாத்திக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. மேலே ஒரு சூரியன், கீழே உப்பில் ஒரு சூரியன். கண் கூசி, மூஞ்சி எரிந்து, தோல் உரிந்துபோகும். அதனால் விடியலில் தொடங்கி முன்மதியத்துக்குள் வாரிக் குவித்துவிட்டுக் கரை ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை எங்கே விடுவது? எங்களிடம்தான்.

தோளில் சாய்ந்து தூங்குகிற பிள்ளையை அப்படியே வாங்கி, பாயில் கிடத்துவோம். நிறையப் பிள்ளைகளுக்குத் தாங்கள் எப்போது பள்ளிக்கூடம் வந்தோம் என்றே தெரியாது. வீட்டில் கண்ணை மூடி, பள்ளியில் கண்ணைத் திறப்பார்கள். எங்கள் பள்ளியில் முதல் பாடம் தூக்கம். அதில் எல்லோருமே நூற்றுக்கு நூறு.

அம்மாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை விழித்துக்கொள்வதற்குள் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவளைக்கூடப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பார்த்துவிட்டால் அழும், அழுதால் நேரமாகும், நேரமானால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகிற அம்மாவே அங்கே கிடையாது.

தை பிறந்தால் அட்மிஷன்

ஊரெல்லாம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். எங்களுக்கு ஜூன் எல்லாம் சும்மா. மழை நின்று, பொங்கல் முடிந்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள் என்றால் மறுநாளே கேட்டில் கூட்டம் நிற்கும்.

பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்பேன். அது வானூரில் மாமியார் பெட்டியில் இருக்குது என்பாள் ஒருத்தி. என்ன வயது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயதுதான், மூன்று. இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தைக்கும் மூன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏன் இன்னும் பல்லே முளைக்கவில்லை என்று நான் கேட்க, "அது அவங்க அப்பா மாதிரி டீச்சர், எல்லாத்துலயும் லேட்டு" என்று ஒருத்தி சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். காகிதம் மெதுவாக வரட்டும். பிள்ளை தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஒண்ணுக்கு வந்தால் சொல்ல வேண்டும். இரண்டும் வந்தால் சேர்த்துக்கொள்வேன்.

என்னைச் சேர்த்த கதை இன்னும் மோசம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எனக்கு எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று என் தலையை லேசாகச் சாய்த்துவிட்டார். விரல் காதில் பட்டுவிட்டது. அவசரப்பட்டுச் சேர்த்ததால்தான் எனக்குக் கணக்கு வரவில்லை என்று அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைமையாசிரியர் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நல்ல மனுஷன்.

கனியை அழைத்துக்கொண்டு அவள் அம்மா புவனா வந்தது அப்படி ஒரு தை மாதத்தில். அவளுக்குச் சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறித்துக்கொண்டிருந்தவள், புருஷனுக்கு இங்கே உப்பு லாரியில் வேலை கிடைத்ததால் குடிவந்திருந்தாள். உப்பளத்தில் அதற்கு முன் காலை வைத்ததே இல்லை. பிள்ளை அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தது. பெயர் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கனி" என்றது. எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

என் சட்டதிட்டங்கள்

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். ஊரே அப்படித்தான் சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பக்கெட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது, வேலை முடிந்தால் கவிழ்த்துவிட வேண்டும். பாயை உதறாமல் விரிக்கக்கூடாது, உப்பளக்கரையில் தேள் அதிகம். பிள்ளை காதில் மூக்கில் தங்கம் போட்டு அனுப்பக்கூடாது. இதைச் சொன்னதும் புவனா அங்கேயே கனியின் கம்மலைக் கழற்றி, துவாரம் தூர்ந்துபோகாமல் வேப்பங்குச்சியைச் செருகிவிட்டாள். கேட்டின் தாழ்ப்பாளைப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தேன். பிள்ளையைக் கூட்டிப்போக யார் வந்தாலும், பிள்ளை அவர்களைப் பார்த்துவிட்டுத் தானாக எழுந்து போக வேண்டும்.

இதெல்லாம் நான் வைத்த சட்டம். ஒரே ஒரு சட்டம் அம்மாக்கள் வைத்தது.

அந்த வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. முகத்தைத் துணியால் மூடிய ஆள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். எந்த ஊர், எப்போது எடுத்தது, நிஜமா பொய்யா, ஒன்றும் தெரியாது. பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க என்று ஊர் முழுக்கப் பேச்சு. மதியம் வேலை முடிந்து கரை ஏறிய பெண்கள் அத்தனை பேரும் போனும் கையுமாக என்னிடம் வந்தார்கள். முகம் மூடினவங்க யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

கழுத்தில் தொங்கிய துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டார்கள். காலையிலிருந்து அதுவரைக்கும் அவர்கள் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த அதே துண்டு. எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

மறுநாளே பாடம் ஆரம்பித்தோம். எங்கள் ஆயம்மா எஸ்தர் நடிப்பதில் சூரப்புலி. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பிஸ்கட்டை நீட்டி, "வாடா தங்கம், வா வா" என்று குழைவாள். பிள்ளைகள் கிட்டப் போகாமல் பின்னால் நகர வேண்டும். நகர்ந்துகொண்டே "மூஞ்சி காட்டு" என்று கத்த வேண்டும். துண்டை எடுத்தால் எஸ்தர்! ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் பிஸ்கட்.

அதில் கனிதான் முதல். மற்றப் பிள்ளைகள் பிஸ்கட்டைப் பார்த்ததும் சட்டத்தை மறந்துவிடும். கனி மறக்கமாட்டாள். கண்ணை உருட்டிக்கொண்டு, கால் கட்டைவிரலால் பின்பக்கம் தடவிப் பார்த்து, ஒவ்வொரு எட்டாக நகர்வாள். எனக்கு அவ்வளவு பெருமை. புவனாவிடம் சொன்னேன், அவளுக்கும் வாயெல்லாம் பல்.

பனிக்குள்ளே

இப்போது கேட்டுக்கு வருகிறேன்.

தண்ணீர் கேன் இறக்க வந்தவர் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். பனியில் நனைந்த இரும்பு, பாதியிலேயே நின்றுவிட்டது. கனி கண் விழித்திருக்கிறாள். அம்மா இல்லை. வெளியே எங்கேயோ பெண்கள் பேசுகிற சத்தம். பனிக்காலத்தில் தூரத்துக் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். இதெல்லாம் பிறகு நாங்கள் கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பக்கம் ஈ.சி.ஆர். ரோடு, ஒரு பக்கம் உப்பளம்.

எனக்கு ரோடுதான் பயம். பாண்டிச்சேரி பஸ்ஸும் லாரியும் லைட்டைப் போட்டுக்கொண்டு பறக்கும். நான் ரோட்டுப் பக்கம் ஓடினேன். எஸ்தரை உப்பளப் பக்கம் போகச் சொன்னேன். சமையல் செய்கிற பெண் பிள்ளைகளோடு உள்ளே நின்றாள்.

ரோட்டில் பிள்ளை இல்லை. டீக்கடைக்காரர் பார்க்கவில்லை என்றார். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது, திரும்பி உப்பளத்துக்கு ஓடினேன்.

பனியும் உப்பும் ஒரே நிறம். வரப்பு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும், அதுவும் கொஞ்ச தூரத்தில் மறைந்துவிடும். நிஜமாகவே ஓடுகிறேனா, இன்னும் பள்ளியில் நின்றபடி கண் அயர்ந்துவிட்டேனா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எங்கேயோ "கனீ, கனீ" என்று பல குரல்கள். அப்பாடா, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் அந்தக் குரல்களில் இருந்த நடுக்கம் கேட்டது.

கனி வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், பாத்திகளில் அங்கங்கே பெண்கள். புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையிலிருந்து கழுத்துவரைக்கும் சுற்றிக் கட்டிய துண்டு. கண் மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் கையை நீட்டிக் கூப்பிடுகிறார்கள். கனி கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஒரு எட்டு பின்னால் போகிறாள். இன்னும் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஒரு எட்டு.

அவளுக்குப் பின்னால் மோட்டார் போட்டு உப்புத்தண்ணீர் தேக்குகிற குழி. ஆளை விழுங்குகிற ஆழம்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் துண்டுக்குள்ளேயே அம்மாவைக் கண்டுபிடித்திருக்கும், பாத்தியோரமே வளர்ந்ததுகள். கனி புதுசு. புவனா தினமும் கேட்டைத் தாண்டின பிறகுதான் துணியைக் கட்டுவாள், வேலை முடிந்தால் மூஞ்சியைக் கழுவிக்கொண்டுதான் வருவாள். பிள்ளை அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததே இல்லை.

எஸ்தர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தாள். பனிக்குக் காதையும் வாயையும் சேர்த்து மப்ளர் சுற்றியிருந்தாள். கனியைப் பொறுத்தவரைக்கும் பாடத்தில் வருகிற பிள்ளை பிடிக்கிறவளே நேரில் வந்துவிட்டாள். எஸ்தர் ஒரு அடி எடுத்து வைக்க, பிள்ளை சட்டென்று பின்வாங்கியது. வரப்பின் மண் கொஞ்சம் உதிர்ந்து குழிக்குள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் கத்தினேன். கடல் காற்று என் பக்கம் அடித்தது, குரல் என் வாய்க்கே திரும்பி வந்தது.

அப்போது கனி, சின்னக் குரலில், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"மூஞ்சி காட்டு."

எஸ்தர் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மப்ளரை உருவி எறிந்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"யாரும் கிட்டப் போவாதீங்க. துணியை அவுருங்க. எல்லாரும் அவுத்துட்டு அப்படியே குந்துங்க."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருத்தி அவிழ்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவிழ்த்தாள். பனிக்குள் ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. வயதானது, இளசு, மூக்குத்தி போட்டது, கண் சிவந்தது. தினமும் கேட்டில் பார்க்கிற முகங்கள்தான், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது. எல்லோரும் அந்தத் தண்ணீரிலேயே குந்தினார்கள்.

கனி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பாத்தியிலிருந்து ஓடிவந்த புவனாவுக்குத் துண்டின் முடிச்சு ஈரத்தில் இறுகி அவிழவில்லை. நகத்தால் பிய்த்து இழுத்தாள். அவிழ்ந்தபோது புருவம் இமையெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"கனி, அம்மாடி. அம்மாவைப் பாரு."

கனி பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த வரப்பில் மெதுவாக, விழாமல், ஒவ்வொரு எட்டாக முன்னால் நடந்து வந்தாள். புவனா அவளை எட்டிப் பிடித்தபோது நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். அழுவதற்கு எனக்கு வெட்கமாகவே இல்லை.

பிறகு

அன்றைக்கே அந்தப் பாடத்தை நிறுத்தினோம். கேட்டுக்குப் பூட்டு வந்தது. அம்மாக்கள் மதியம் வந்து, தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்கள், எஸ்தரைக் கட்டிக்கொண்டார்கள், என்னையும் இரண்டு வார்த்தை திட்டினார்கள். எஸ்தர் இனிமேல் தனக்கு வில்லி வேஷமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எல்லோரும் போன பிறகும் புவனா போகவில்லை. முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கனி அவள் மடியிலேயே தூங்கிவிட்டாள். புவனா அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஒன்றைத்தான் சொன்னாள்.

"துணியை அவுத்த பெறகும் கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னா டீச்சர். நான்தானான்னு."

பயத்தில் இருந்தாள், குழந்தைதானே என்று ஏதோ உளறினேன். புவனா தலையாட்டினாள், ஆனால் அது அவளுக்குப் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. கனியின் காதில் இருந்த வேப்பங்குச்சியை விரலால் திருப்பிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"நாளையிலருந்து அவ முழிச்ச பெறகு, அவ எதிர்ல துணியைக் கட்டிக்கினு போவட்டுமா?"

நேரமாகிவிடுமே, மேஸ்திரி சத்தம் போடுவாரே என்றேன். போடட்டும் என்றாள்.

மறுநாளும் அதே பனி. புவனா பிள்ளையை என் கையில் கொடுக்கவில்லை. உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, கனியை மெதுவாக எழுப்பினாள். கனி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். புவனா சட்டையைப் போட்டாள், பித்தானை மாட்டினாள். துண்டைத் தலையில் போட்டு, நெற்றியை மூடி, கன்னத்தை மூடி, கடைசியில் வாயை மூடினாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, பிள்ளை பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கனி கை நீட்டி, துணிக்கு மேலேயே மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். வாய் இருக்கிற இடத்தைத் தேடினாள்.

அழப்போகிறாள் என்றுதான் நானும் எஸ்தரும் நினைத்தோம். புவனாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், எழுந்திருக்காமல் குந்தியே இருந்தாள்.

கனி ஒரு கொட்டாவி விட்டாள். திரும்பப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள்.

அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். புவனா எழுந்தாள். வாசல்வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் துண்டு கண்ணுக்குக் கீழே நனைந்துகொண்டே வந்தது. அன்றைக்கு அவள் வேலைக்கு ரொம்பத் தாமதமாகத்தான் போனாள்.